நடவாத கலவரங்களின் சரித்திரம்

பூதானத்திலும் கிராமதானத்திலும் கதர்ப் பணியிலும் ஆதாரக் கல்வியிலும் இளமையைச் செலவழித்துவிட்டு, இன்று தஞ்சை, மதுரைச் சீமைகளின் சிற்றூர்களில் முதுமையுற்றிருக்கும் சர்வோதய ஊழியப் பெரியோர்களுக்கு, ஊழியர் ஒருவரின் மகன் வணக்கத்தோடு எழுதும் மடல்.



உங்களில் பெரும்பாலோர் எண்பதைத் தொட்டோ கடந்தோ விட்டீர்கள். கண் மங்கியிருக்கும், எழுதுகோலைப் பிடித்தால் விரல் நடுங்கும், பழைய நண்பர்களின் கடிதங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருக்கும். இவை எல்லாம் தெரிந்திருந்தும் உங்களிடம் ஒன்றை யாசிக்கத் துணிகிறேன். நீங்கள் நேரில் நின்று கண்ட, உங்கள் நாவாலும் பொறுமையாலும் தணிந்த சண்டைகளை, அவை எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் யாருக்கிடையே, என்ன காரணத்தால் மூண்டன, எந்தச் சொல்லால் அடங்கின என்ற விவரத்தோடு எழுதிவைக்க வேண்டும். எழுத இயலாதவர்கள் சொல்லி எழுதுவிக்க வேண்டும் என்பதே அந்த யாசகம்.

இவ்வளவு அவசரமாக இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊரில் கலகம் மூண்டு நான்கு வீடுகள் எரிந்தால், அந்த எரிப்புக்குச் சாட்சியாக ஒரு காகித மலை எழும்பிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை எழுதப்படுகிறது; மகஜர் தயாராகிறது; மருத்துவர் காயத்தின் நீளத்தையும் ஆழத்தையும் அளந்து சான்று தருகிறார்; பத்திரிகைகள் படம் போடுகின்றன; சில சமயம் விசாரணைக் கமிஷனும் அமைந்து, அதன் அறிக்கை தடித்த புத்தகமாக வெளிவருகிறது. அதே ஜில்லாவில், அதே வருஷத்தில், அடுத்த ஊரில் அரிவாள்கள் கையேறிய பின்பும், யாரோ ஒருவர் குறுக்கே வந்து நின்றதால் வெட்டு விழாமல் எல்லோரும் வீடு திரும்பினார்கள் என்றால், அதற்கு எந்த ஸ்டேஷனிலும் ஒரு வரி கிடையாது. நடந்த கலவரத்துக்கு ஆவணம் இருக்கிறது. நடவாத கலவரத்துக்கு இல்லை. ஆகவே நாளைக்கு இந்த நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகும் மாணவன், அரிவாளின் கதையை ஆயிரம் பக்கங்களில் வாசித்து, அதுதான் நம் ஜனங்களின் ஸ்வபாவம் என்று முடிவுகட்டினால், அவன்மேல் பிழை சொல்ல நமக்கு வாயேது?

தலைவர்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களுக்குச் சோறு போட்டவர்களின் வரலாறு எங்கே? 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, காவிரிக் கரையின் ஊர்களைக் கடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்ததையும், அங்கே அவர்களைச் சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றதையும், நாமக்கல் கவிஞர் அந்த யாத்திரைக்கென்றே பாட்டு இயற்றியதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தஞ்சைக் கலெக்டராக இருந்த தார்ன் துரை, தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று உத்தரவு போட்டதும் அதனோடு சேர்ந்து நினைவில் நிற்கிறது. அந்த உத்தரவுக்குப் பின்பு வழிநெடுக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின என்று சொல்கிறார்கள். அதைக் கட்டிய கை யாருடையது? போலீஸ்காரன் தெருமுனையில் நிற்கும்போது, முகம் அறியாத நூறு பேருடைய பசியை எண்ணி விடியற்காலையில் அடுப்பு மூட்டிய அந்த அம்மாள் யார்? தெருமுனையில் நின்றவனும் இன்னொரு தமிழ்த் தாயின் பிள்ளைதானே. அவன் அந்தப் பொட்டலங்களைக் கண்டும் காணாதவன் போல் போனானா? நமக்குத் தெரியாது. கேட்க வேண்டிய காலத்தில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. அவர்களும் சொல்லாமலே போய்விட்டார்கள்.

அந்த யாத்திரை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஏப்ரல் 23-ஆம் தேதி, வடமேற்கு எல்லையில் பெஷாவர் நகரத்துக் கிஸ்ஸா கவானி கடைவீதியில், ஆயுதமில்லாத பதான்களின் கூட்டத்தின்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அவ்வாறு சுடும்படி உத்தரவு பெற்ற கட்வால் படைப்பிரிவின் சிப்பாய்கள், ஹவில்தார் சந்திர சிங்கின் தலைமையில், சுட மறுத்துவிட்டார்கள். இமயமலைச் சாரலின் இந்துச் சிப்பாய்கள் அவர்கள். எதிரே நின்றவர்களோ வேறு மதம், வேறு பாஷை. இராணுவ நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த சிறைத்தண்டனை ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. துப்பாக்கியைத் தாழ்த்திய அந்த விநாடிக்கு முன்பு அவர்கள் எதிரே எந்த முகத்தைப் பார்த்தார்கள் என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். அகிம்சை என்று நாம் சொல்வதெல்லாம் அந்த ஒரு விநாடிக்குள் நிகழ்வது என்பது என் எண்ணம்.

என் சிறு பிராயத்தில் எங்கள் வீடு ஊழியர்கள் வந்து தங்கும் சத்திரம் போலவே இருந்தது. பாலவாடி நடத்திக்கொண்டிருந்த ஓர் அம்மையார், கீழத் தஞ்சையின் கடைமடை ஊர் ஒன்றிலிருந்து வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பின் என் தாயாரிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கதவோரம் படுத்தபடி கேட்டிருக்கிறேன். அந்த வருஷம் ஆற்றில் முறைத் தண்ணீர். மேலூர்க்காரர்கள் தங்கள் முறை முடிந்தும் மதகை அடைத்துவைத்திருந்தார்கள். கீழூர்க்காரர்களின் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் இரவு, கீழூரிலிருந்து ஆட்கள் மண்வெட்டியும் அரிவாளுமாகக் கிளம்பினார்கள். மேலூரிலும் சேதி தெரிந்து எதிர்க்கரையில் கூடிவிட்டார்கள். இந்த அம்மையார் பாலவாடியில் இருந்த அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், மதகின் கட்டைச்சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. முன்னால் நின்ற கீழூர்க்காரரைப் பார்த்து, "உங்க நாத்து எத்தனை நாளாத் தம்பி காயுது?" என்று கேட்டாராம். அவர் சொன்னதை, எதிர்க்கரைக்குக் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொன்னாராம். பிறகு எதிர்க்கரையைப் பார்த்து, அவர்கள் ஏன் அடைத்தார்கள் என்று கேட்டாராம். சென்ற முறையில் தண்ணீர் இரண்டு நாள் தாமதமாக வந்ததால் தங்கள் மேட்டு வயல்களுக்கு ஏறவேயில்லை என்று அவர்கள் சொன்னதையும் அதே குரலில் இந்தக் கரைக்குத் திருப்பிச் சொன்னாராம். விளக்கில் எண்ணெய் தீரும்வரை இந்தச் சம்பாஷணை நடந்தது. விடியும் சமயத்தில் மேலூர்ப் பெரியவர் ஒருவரே இறங்கி வந்து, மதகை அடைத்திருந்த வைக்கோல் புரியை அறுக்கச் சொன்னார். அறுப்பதற்குக் கீழூர்ப் பையன் கையிலிருந்த அரிவாளைத்தான் வாங்கினார்கள்.

"உனக்குப் பயமா இல்லையாடி?" என்று என் தாயார் கேட்டார். அந்த அம்மையார் சொன்ன பதில் இன்றளவும் என் காதில் இருக்கிறது. "பயமா? காலு ரெண்டும் கிடுகிடுன்னு ஆடிச்சுக்கா. நிக்க முடியல, அதான் உக்காந்தேன்."

அந்த அம்மையார் காலமாகி வெகு காலமாயிற்று. அவரைப் பற்றி இயக்கத்தின் ஏடு ஒன்றில் வந்த இரங்கல் குறிப்பு, அன்னார் சிறந்த சேவகி, எளிமையின் உருவம், தியாகச் சுடர் என்று எழுதிற்று. மதகைப் பற்றி ஒரு சொல் இல்லை. கால் நடுங்கியதைப் பற்றியும் இல்லை. தியாகச் சுடர் என்று எழுதினால் வாசிக்கும் பெண் கைகூப்பிவிட்டு நகர்ந்துபோவாள். கால் ஆடியதால் உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தால், அஞ்சுகிற சுபாவமுள்ள தன்னாலும் அது முடியும் என்று அவள் தெரிந்துகொண்டிருப்பாள். நம் இயக்கத்தார் பெரியோரைப் போற்றுகிற அவசரத்தில் அவர்களுடைய பயத்தை அழித்துவிட்டோம். பயத்தோடு சேர்ந்து வழியும் அழிந்துவிட்டது. ஆகையால் நீங்கள் எழுதும்போது தயவுசெய்து உங்கள் பயத்தை விட்டுவிடாதீர்கள்.

எதிரே நின்றவனுடைய நியாயத்தையும் விட்டுவிடாதீர்கள். இதற்கு மகாத்மாவே உங்களுக்கு முன்மாதிரி. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் நகரத்து வீதியில், மீர் ஆலம் என்ற பதான் அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினான். அந்த நிகழ்ச்சியைப் பதினைந்து வருஷங்களுக்குப் பின், எரவாடா சிறையில் அவர் எழுதத் தொடங்கிய 'தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்' என்ற நூலில் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். அடித்தவன் தம்முடைய பழைய கட்சிக்காரன் என்பதையும், வைக்கோலாலும் தேங்காய் நாராலும் மெத்தை செய்து விற்றுப் பிழைத்தவன் என்பதையும், அன்று காலை தாம் முதலில் வணக்கம் சொன்னபோது அவன் முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லாமல் இருந்ததையும் எழுதுகிறார். இந்தியர்களின் கட்டாயப் பதிவை எதிர்க்க வேண்டும் என்று நேற்றுவரை முழங்கியவர், இன்று தாமே பத்து விரல் ரேகையையும் கொடுக்கப் போகிறாரே, பணம் வாங்கிக்கொண்டுவிட்டாரோ என்று பதான்களிடையே எழுந்த சந்தேகத்தையும் அவர் ஒளிக்கவில்லை. வாசித்து முடிக்கும்போது அடித்தவனுடைய கோபம் நமக்கு விளங்கிவிடுகிறது. பிரக்ஞை திரும்பியதும், அடித்தவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டது பலருக்கும் தெரிந்த செய்தி. என் மனத்துக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது, அடித்தவன் என்ன நினைத்தான் என்பதை அடிபட்டவரே இவ்வளவு கவனமாக எழுதிவைத்த காரியந்தான்.

இனி, சொல்லுவதற்குக் கடினமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய சேரி ஜனங்களில் 44 பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், அடைக்கலம் புகுந்த குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். வழக்கு நடந்தது, கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இந்த இடத்தில் நின்றுகொண்டு எரிந்தவர்களின் உறவினரிடம் போய் அகிம்சை பேசுவதற்கு யாருக்கு உரிமை உண்டு? அடிபட்டவனிடம் மாத்திரம் பொறுமையைக் கேட்பது அதர்மம் என்றே நான் கருதுகிறேன். அந்தப் பகுதியின் விவசாயத் தொழிலாளிகளுக்குத் தலை நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தது செங்கொடி இயக்கம் என்பதை மறைத்து எழுதப்படும் எந்த அகிம்சைச் சரித்திரமும் சத்தியமானதாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆயினும் அந்த மண்ணுக்குச் சர்வோதய ஊழியர்களான ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் சென்றார்கள். உபதேசம் செய்வதற்காக அல்ல, அங்கேயே குடியிருப்பதற்காகச் சென்றார்கள். செல்வக் குடும்பத்தில் பிறந்து அதைத் துறந்தவர் ஜகந்நாதன். தாழ்த்தப்பட்ட குலத்தின் ஏழை விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, படித்துப் பட்டம் பெற்றும் கிராமத்துக்கே திரும்பியவர் கிருஷ்ணம்மாள். சுதந்திர பாரதத்தில்தான் விவாகம் என்று காத்திருந்து 1950-இல் மணந்துகொண்ட தம்பதிகள். 1981-இல் அவர்கள் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம், மிராசுதார்களிடம் போய்ப் பேசி, விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஆயிரக்கணக்கான ஏக்கர் நன்செய் நிலத்தை நிலமற்ற குடும்பங்களுக்கு, அதுவும் பெண்களின் பெயரில், பத்திரம் பதிவுசெய்து கொடுத்தது. எரித்தவர்களின் வர்க்கத்தைச் சேர்ந்தவர்களோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து கிரயம் பேசுவதற்கு எவ்வளவு மனோபலம் வேண்டும்! நிலத்தை விற்க இசைந்த மிராசுதார் எந்தக் கணத்தில் இசைந்தார்? பயத்தாலா, கடனாலா, இருதயம் மாறியதாலா? கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்ட ஒரு கிழவியின் மனத்தில், அவள் பறிகொடுத்தவர்களின் முகம் வந்ததா? இவற்றை அறிந்தவர்கள் நீங்கள். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அவர்களோடு காத்துக்கிடந்தவர்கள் நீங்கள்.

அந்தத் தம்பதிகளின் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுப் புத்தகமாக்குவதற்கு இத்தாலி தேசத்திலிருந்து லாரா கோப்போ என்ற பெண்மணி வந்தார். 2008-இல் சுவீடனிலிருந்து 'ரைட் லைவ்லிஹுட்' விருது வந்தது. இரண்டும் மகிழ்ச்சிக்குரியவையே. ஆனால் நாகப்பட்டினத்துக்காரன் கேளாததைக் கடல் கடந்து வந்தவர் கேட்க நேர்ந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அவர்களுக்கேனும் புத்தகம் இருக்கிறது. அவர்களோடு நடந்த உங்களுக்கு எது இருக்கிறது?

உங்களில் பலரிடம் நான் நேரிலும் இதைக் கேட்டிருக்கிறேன். நாங்கள் என்ன பெரிதாகச் செய்துவிட்டோம், பாபு சொன்னார், வினோபா சொன்னார், செய்தோம், தன்னைப் பற்றித் தானே எழுதுவது தற்புகழ்ச்சி அல்லவா என்று கையமர்த்திவிட்டீர்கள். உங்கள் விநயத்தை நான் வணங்குகிறேன். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1957-இல் கேரளத்தில் வினோபா சாந்தி சேனையைத் தொடங்கியபோது, அதில் சேருகிறவன் கலகம் நடக்கும் இடத்துக்கு உயிரைப் பணயம் வைத்துப் போக வேண்டும் என்றல்லவா எதிர்பார்த்தார்? அவ்வாறு போனவன் அங்கே என்ன கண்டான் என்று திரும்பி வந்து சொல்லாவிட்டால், அடுத்துப் போகிறவன் எதைப் பாடமாகக் கொள்வான்? தோற்ற கதைகளையும் சேர்த்தே எழுதுங்கள். நீங்கள் குறுக்கே நின்றும் வெட்டு விழுந்த ஊர்கள் இருக்கும்; சமாதானம் பேசி வைத்துவிட்டு வந்த மறுவாரமே மறுபடி மூண்ட சண்டைகள் இருக்கும். கிராமதானம் என்று கையெழுத்திட்ட ஊர்களில் எத்தனையோ கையெழுத்தோடு நின்றுவிட்டன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏன் என்று நீங்கள் சொன்னால்தான் உண்டு.

உங்களிடம் கேட்கிறவன் தன் பங்குக்கு ஒன்றேனும் சொல்ல வேண்டும் என்பது நியாயம். சில வருஷங்களுக்கு முன்பு, எங்கள் ஊர்ச் சந்தை நாளில், கடைத்தெரு வளைவில், ஒரு டவுன் பஸ் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் சைக்கிளில் மோதிவிட்டது. ஒரு நொடியில் கூட்டம் கூடிற்று. டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஒருவன் கத்தரிக்காய்க் கடையின் தராசுத் தண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். நானும் அங்கே நின்றேன். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக்கு வந்துபோன உங்களிடமிருந்து கற்ற ஒன்றுதான்: அடிக்காதே என்று சொல்வதைவிடக் கேள்வி கேட்பது நல்லது. "பிள்ளையை யாரப்பா தூக்கினது?" என்று என்னால் முடிந்த மட்டும் உரக்கக் கேட்டேன். ஒருவரும் தூக்கவில்லை. அந்தப் பெண் சைக்கிளுக்கு அடியில், காலிலிருந்து இரத்தம் வழிய, அழக்கூட மறந்து கிடந்தாள். அப்போதுதான் கூட்டத்தில் பாதி அவள் பக்கம் திரும்பிற்று. தராசுத் தண்டை ஏந்தியவனே அதைப் போட்டுவிட்டுத் தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். டிரைவர் பிடியிலிருந்து விடுபட்டதும் ஓடிவிடவில்லை. அவளைக் கையில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், காக்கிச் சட்டையெல்லாம் இரத்தக்கறையோடு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்ணின் தகப்பனார் வயற்சேறு காயாத காலோடு வந்து சேர்ந்தார். பெண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், இவர்தான் டிரைவர் என்று யாரோ காட்டியதும், சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கும் பொண்ணு இருக்காய்யா?" என்று கேட்டார். இருவரும் அதற்குமேல் நெடுநேரம் பேசவில்லை. அந்த விபத்துக்கு வழக்குப் பதிவாயிற்று. சைக்கிளின் சேதம்கூட எழுதப்பட்டது. கடைத்தெருவில் விழாமல் போன அடிக்கு மட்டும் எங்கும் குறிப்பில்லை. ஆகையால் நான் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இனி உங்கள் முறை. நீளமாக எழுத வேண்டியதில்லை. நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஊர்ப் பெயரும் வருஷமும் போட்டு, ஒரு சம்பவத்துக்கு இரண்டு பக்கம் எழுதினால் போதும். சண்டையில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் உயிரோடிருந்தால் அவர்கள் பெயரை மறைத்து எழுதுங்கள். பழைய பகை புதிதாகிவிடக் கூடாது. கண் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர்கள் கையிலிருக்கும் தொலைபேசியிலேயே உங்கள் குரலைப் பதிந்துகொள்ளலாம். ஊர்ப் பேச்சில் சொல்லுகிறபடியே பதிவாகட்டும், திருத்த வேண்டாம். எழுதியதில் ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்திலும் இன்னொன்றை அருகிலுள்ள கல்லூரியின் சரித்திரத் துறையிலும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மதகில் உட்கார்ந்த அம்மையாரைப் பற்றி நான் கதவோரம் கேட்டது இவ்வளவுதான். அந்த இரவு அங்கே இருந்த வேறு யாரேனும் இதை வாசித்தால், அவர்கள் கண்டதையும் சேர்த்து எழுதும்படி தனியாகவும் வேண்டிக்கொள்கிறேன். வரும் மாதங்களில் உங்கள் ஊர்களுக்கு நானே வருவேன். வரும்போது வெறும் நலம் விசாரிக்க மாத்திரம் வரமாட்டேன், நோட்டுப் புத்தகத்தைக் கேட்பேன்.

தங்கள் ஆசியை வேண்டும்,
உங்களில் ஒருவரின் மகன்